பெராரியும் ஒஸ்ரினும்: ஒரு காரின் விலை எதில் நிற்கிறது?

யாழ்ப்பாணத்துக் கலியாணங்களில் இப்போது ஒரு காட்சி வழமையாகிவிட்டது. மண்டபத்து வாசலில் புது வாகனங்கள் வரிசையாக நிற்கும். ஆனால் மாப்பிள்ளையும் பொம்பிளையும் ஏறுவது பூமாலை சுற்றிய ஒரு பழைய ஒஸ்ரினிலோ மொறிஸ் மைனரிலோதான். படமெடுப்பு முடிந்ததும் நாலு பேர் கார்ச் சொந்தக்காரரைச் சூழ்ந்துகொள்வார்கள். என்ன விலை போகும் என்று கேட்பார்கள். அவர் சிரிப்பாரே தவிர விலை சொல்லமாட்டார். விற்கிற எண்ணம் இல்லாதவருக்கு விலை சொல்லவேண்டிய தேவை இல்லை.

அதே வாசலில் நிற்கும் லீசிங் காரின் சொந்தக்காரருக்குத் தன் காரின் விலை நன்றாகத் தெரியும். ஒவ்வொரு மாதமும் கட்டும் தவணை ஒருபக்கம், இன்று விற்றால் எவ்வளவு வரும் என்ற கணக்கு மறுபக்கம். இரண்டும் இரும்பும் நாலு சில்லும்தான். ஒன்று எழுபது வருடம் தாண்டியும் விலை இறங்காமல் நிற்கிறது. மற்றது கடையிலிருந்து வீட்டுக்கு வரும் வழியிலேயே விலை குறைகிறது.

உலகத்துப் பணக்காரர்களும் இதே கேள்வியைத்தான் கேட்கிறார்கள், தொகையில் மட்டும் பல பூச்சியங்கள் கூட. ஒரே ஆண்டில் ஏறத்தாழ ஒரே விலைக்கு வாங்கிய இரண்டு அதிவேகக் கார்களில் ஒன்று பத்து வருடத்தில் இரண்டு மடங்காகிறது, மற்றது பாதிக்குக் கீழே போகிறது. ஏன் என்று தேடிப் படிக்கத் தொடங்கியபோது, அதற்கான காரணங்கள் பலவற்றை நாங்கள் குடாநாட்டிலேயே பார்த்துவிட்டோம் என்று தோன்றியது. போர் எங்கள் வாகனங்களுக்கு வைத்த பரீட்சையை வேறு எந்த ஏலக்காரரும் வைத்திருக்கமாட்டார்.

முதலில் அந்தப் பெரிய கார்களின் கதை. பெராரி நிறுவனம் 1962 முதல் 1964 வரை '250 ஜிடிஓ' என்றொரு பந்தயக் காரைச் செய்தது. மொத்தம் 36. புதிதாக இருந்தபோது அமெரிக்காவில் அதன் விலை சுமார் 18,000 டொலர். பந்தயக் கார் என்பதால் சில ஆண்டுகளில் அது பழையதாகிப் போனது. 1960களின் இறுதியில் சில ஆயிரம் டொலருக்குக் கைமாறியவையும் உண்டு. அதில் ஒன்று 2018 ஓகஸ்ட்டில் கலிபோர்னியாவில் நடந்த ஏலத்தில் 4 கோடியே 84 இலட்சம் டொலருக்குப் போனது. இன்னொன்று 2023 நவம்பரில் நியூயோர்க்கில் 5 கோடியே 17 இலட்சம் டொலருக்குப் போனது. மக்லாரன் நிறுவனம் 1990களில் செய்த 'எப்1' கார் மொத்தம் 106. அதில் சில நூறு கிலோமீற்றர் மட்டுமே ஓடிய ஒன்று 2021இல் 2 கோடி டொலரைத் தாண்டியது. ஆனால் அதே மக்லாரன் 2011இல் சந்தைக்கு விட்ட 'எம்பி4-12சி' என்ற கார் சில ஆண்டுகளிலேயே பாதி விலைக்கும் கீழே இறங்கிவிட்டது. பெயர் ஒன்று, ஊர் ஒன்று, வேகத்திலும் பெரிய குறையில்லை. அப்படியென்றால் வேகம் விலையைத் தாங்கவில்லை என்பது தெளிவு.

முதல் காரணம் எண்ணிக்கை. கேட்பவர்களைவிடக் கார்கள் குறைவாக இருக்கவேண்டும், இனியும் வராது என்பது உறுதியாக இருக்கவேண்டும். பெராரி இதை வேண்டுமென்றே செய்கிறது. 2024இல்கூட அந்த நிறுவனம் உலகம் முழுவதற்கும் 14,000க்கும் குறைவான கார்களைத்தான் கொடுத்தது. காசு இருந்தாலும் அதன் மிகச் சிறப்பான மாதிரிகளை எல்லோருக்கும் விற்கமாட்டார்கள். முன்பே அவர்களிடம் வாங்கியவருக்குத்தான் இடம். மற்ற நிறுவனங்கள் வருடத்துக்கு ஒரு புது மாதிரியை இறக்கி, போன வருடத்து மாதிரியின் விலையைத் தாங்களே கீழே தள்ளுகின்றன.

எங்களுக்கு இந்த எண்ணிக்கைக் கட்டுப்பாட்டை அரசாங்கமும் போரும் செய்து தந்தன. 1960களின் தொடக்கத்தில் வெளிநாட்டுச் செலாவணி இல்லை என்று இலங்கை கார் இறக்குமதியை இறுக்கியது. 1977இல் திறந்த பொருளாதாரம் வரும்வரை ஒஸ்ரின் ஏ40, ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், மொறிஸ் மைனர், மொறிஸ் ஒக்ஸ்போர்ட், ஹில்மன், பேஜோ என்று முன்பு வந்த கார்களையே மாற்றி மாற்றிப் பூட்டி ஓடினார்கள். வாடகைக் கார், வைத்தியர் கார், வாத்தியார் கார் எல்லாம் அவைதான். 77க்குப் பிறகு ஜப்பானியக் கார்கள் வந்தபோது அந்தப் பழைய கார்களின் காலம் முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். நாட்டின் மற்றப் பகுதிகளில் பெரும்பாலும் அப்படித்தான் நடந்தது. குடாநாட்டில் நடக்கவில்லை.

1990 ஜூனில் போர் மறுபடி மூண்டபோது ஆனையிறவுப் பாதை மூடப்பட்டது. பின்னர் வெளியே போகக் கிளாலிக் கடலேரிதான் வழி என்றானது. படகில் ஆளை ஏற்றலாம், சைக்கிளை ஏற்றலாம், மோட்டார் சைக்கிளையும் ஏற்றினார்கள். காரை ஏற்ற முடியாது. உள்ளே இருந்த கார் உள்ளேயே, வெளியிலிருந்து புதிதாக ஒன்றும் வராது. 36 பெராரிகளைப்போல எங்கள் கார்களின் தொகையும் பூட்டப்பட்ட தொகையாகிவிட்டது. ஒவ்வொரு குண்டுவீச்சிலும், ஒவ்வொரு இடப்பெயர்விலும் அது குறைந்துகொண்டே போனது.

மண்ணெண்ணெயில் ஓடியது எது?

எண்ணிக்கை குறைந்தால் மட்டும் விலை நிற்காது. ஓடாத கார் ஒன்றுக்குத் துரு விலைதான். அடுத்த காரணம் அதைத் திருத்த முடியுமா என்பது. இதைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். பொருளாதாரத் தடைக் காலத்தில் பிறந்தவர்களுக்கு வாசனையாக மட்டும் நினைவிருக்கும் விசயம் இது.

தடைப் பட்டியலில் பெற்றோல், டீசல், பற்றரி, ரயர், வாகன உதிரிப்பாகங்கள் எல்லாம் இருந்தன. மண்ணெண்ணெய் மட்டும் கட்டுப்பாட்டோடு, கொள்ளை விலையில் கிடைத்தது. எனவே வாகனங்களை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். ஆனால் எல்லா வாகனமும் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. காரணம் எஞ்சினுக்குள் இருந்தது. பெற்றோல் எஞ்சின் காற்றையும் எரிபொருளையும் நெருக்கிப் பிறகு பொறி வைக்கிறது. எவ்வளவு நெருக்குகிறது என்பதை அமுக்க விகிதம் என்பார்கள். 1950களின் பிரித்தானியக் கார்கள் போருக்குப் பிந்திய தரம் குறைந்த பெற்றோலுக்காகச் செய்யப்பட்டவை. அவற்றின் அமுக்க விகிதம் பொதுவாக ஏழுக்கு ஒன்று என்ற அளவில்தான். மண்ணெண்ணெய் அதிக நெருக்கலைத் தாங்காது. பொறியின் சுவாலை எட்டுமுன்பே தானாக வெடித்து எஞ்சினைத் தட்டத் தொடங்கும். எண்பதுகளின் ஜப்பானியக் கார்களின் விகிதம் ஒன்பது அளவில் இருந்தது. மண்ணெண்ணெய் விட்டால் அவை தட்டித் தட்டியே பிஸ்ரனை உடைத்துக்கொள்ளும். பழைய ஒஸ்ரின் கொஞ்சம் இருமிவிட்டு ஓடும்.

ஓட்டுவதற்கும் ஒரு முறை இருந்தது. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. ஆகவே சேலைன் போத்தலிலோ சின்னப் பிளாஸ்ரிக் குப்பியிலோ கொஞ்சம் பெற்றோல் வைத்திருப்பார்கள். காபரேற்றருக்குள் சில துளிகள் விட்டு ஸ்ரார்ட் பண்ணி, எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். நிற்பாட்டுவதற்குச் சற்று முன் மறுபடி பெற்றோலுக்கு மாற்றிக்கொண்டால் அடுத்தமுறை ஸ்ரார்ட் பண்ணுவது இலகு. எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரன் வளையங்களைத் தாண்டி எஞ்சின் எண்ணெயோடு கலந்து அதைத் தண்ணீராக்கிவிடும். பிளக் கரிபிடிக்கும். அதையும் கழற்றிச் சுரண்டிப் போட்டு ஓடினார்கள். பெற்றோல் வாசம் தெரியாமலே வளர்ந்த பிள்ளைகள் இருந்தார்கள். எங்களுக்குக் கார் என்றால் வெள்ளைப் புகையும் குப்பி விளக்கு வாசமும்தான்.

உதிரிப்பாகத்துக்கு இரண்டு வழி. ஒன்று, இரண்டு காரைக் கழற்றி ஒன்றைப் பூட்டுவது. மற்றது, லேத் இயந்திரத்தில் கடைந்தெடுப்பது. அந்தக் கார்களில் இலத்திரனியல் எதுவும் இல்லை. கண்ணால் பார்த்து, கையால் தொட்டு, இரும்பில் கடைந்து மாற்றக்கூடியதாகவே எல்லாம் இருந்தன. இந்த வேலை தெரிந்த கைகள் ஒவ்வொரு சந்தியிலும் இருந்தன. கேம்பிரிட்ஜ் காருக்கு இன்னொரு வசதியும் உண்டு. அதில் இருந்த 1489 சிசி எஞ்சினும் இந்திய அம்பாசிடரின் பழைய பெற்றோல் எஞ்சினும் ஒரே குடும்பம். அம்பாசிடர் என்பதே மொறிஸ் ஒக்ஸ்போர்ட்டின் இந்தியப் பிள்ளைதான். 1950களின் பிற்பகுதியில் தொடங்கி 2014வரை கல்கத்தாவுக்கு அருகே அதைச் செய்தார்கள். எனவே அந்த எஞ்சினை அறிந்த மெக்கானிக்குகளுக்குப் பாக்குநீரிணையின் இரண்டு பக்கமும் குறைவிருக்கவில்லை.

இதற்குள் ஒரு வேடிக்கையும் உண்டு. இங்கிலாந்தின் பாத் நகரத்தில் மொறிஸ் மைனர் கார்களுக்கென்றே ஒரு நிலையம் நடத்திய சார்ள்ஸ் வேர் என்பவர், ஒரு காரை எறியாமல் திருத்தித் திருத்தி வைத்திருப்பதே மலிவு என்று புத்தகம் எழுதியவர். அவர் 1990களில் மொறிஸ் மைனர் உதிரிப்பாகங்களை இலங்கையில் செய்வித்து இங்கிலாந்துக்கு எடுத்தார். இலங்கையின் தெற்கில் செய்த மைனர்ப் பாகம் பாத் நகரத்துக்குப் போன காலத்தில், அதே இலங்கையின் வடக்குக்குள் ஒரு பிளக்கைக்கூட அனுமதியில்லாமல் கொண்டுவர முடியாது.

அதிவேகக் கார்களிலும் இதே விதிதான். புகாட்டி வேரொனுக்கு எஞ்சின் எண்ணெய் மாற்றவே 20,000 டொலருக்கு மேல் என்பார்கள். வாங்கக்கூடியவர் பலர் இருக்கலாம், வைத்திருக்கக்கூடியவர் சிலர்தான். பழைய மாதிரிகளுக்கு நிறுவனமே பாகம் தருகிறது, பழைய கார்களைத் தானே திருத்திக் கொடுக்கிறது என்றால் விலை நிற்கும். கணினிப் பெட்டி ஒன்று பழுதானதும் அதைச் செய்த நிறுவனமே கைவிரித்தால் விலை விழும். கையால் கியர் மாற்றும் பழைய பெராரிகள், தானியங்கிக் கியர் உள்ள அதே மாதிரிகளைவிட இன்று பல மடங்கு விலை போவதற்கு ஓட்டும் சுகம் ஒரு காரணம். அந்தக் கியர்ப் பெட்டியை இன்னும் ஐம்பது வருடத்துக்கும் யாராவது ஒருவர் திருத்துவார் என்ற நம்பிக்கை மற்றக் காரணம்.

யாழ்ப்பாணத்தில் இன்று கார் வாங்குபவருக்கும் இது பொருந்தும். கொழும்பு சுமார் 400 கிலோமீற்றர். அங்குள்ள முகவரிடம் மட்டுமே திருத்தக்கூடிய காரை இங்கே வாங்கினால், விற்கும்போது அந்த 400 கிலோமீற்றரையும் விலையில் கழித்துத்தான் கேட்பார்கள். ரொயோட்டா, சுசுகி வாகனங்களுக்கு இங்கே விலை நிற்பதன் இரகசியம் வேறொன்றுமில்லை, ஒழுங்கைக்கு ஒழுங்கை அவற்றைத் தெரிந்தவர் இருக்கிறார். ஹைபிரிட் கார்களில் பற்றரி என்ற ஒரு பெரிய செலவு காத்திருக்கிறது. ஹொண்டா நிறுவனம் 2013, 2014 ஆண்டுகளில் தனது 'பிற்' ஹைபிரிட் காரைக் கியர்ப் பெட்டி முதலிய குறைகளுக்காக ஜப்பானில் திரும்பத் திரும்ப மீள அழைக்கவேண்டி வந்தது. அந்தப் பெயர் இன்றும் அந்த மாதிரியின் விலையோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

புத்தகம் இல்லாத வாகனங்கள்

மூன்றாவது காரணத்துக்கு வரும்போது எனக்குக் கொஞ்சம் தயக்கம் வருகிறது. அது கடதாசி.

கோடிக்கணக்கில் விலைபோகும் காரை வாங்குபவர்கள் முதலில் பார்ப்பது எஞ்சின் இலக்கத்தை. தொழிற்சாலையில் பூட்டிய அதே எஞ்சின்தானா, சட்டத்தில் உள்ள இலக்கத்தோடு பொருந்துகிறதா, முதல் சொந்தக்காரர் யார், பிறகு யார் யாரிடம் போனது என்று ஒரு இடைவெளியும் இல்லாமல் காட்டவேண்டும். பெராரி நிறுவனம் பழைய கார்களைச் சோதித்து உறுதிப்படுத்தி ஒரு சிவப்புப் புத்தகம் கொடுக்கிறது. அந்தப் புத்தகம் உள்ள காருக்கும் இல்லாத காருக்கும் விலை வித்தியாசம் பெரியது. சொந்தக்காரர்களின் வரிசையில் ஒரு ஐந்து வருடம் விடுபட்டிருந்தால் வாங்குபவர்கள் சந்தேகப்படுவார்கள்.

எங்கள் வாகனங்களின் வரிசையில் எத்தனை வருடம் விடுபட்டிருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து ஓடியவர்கள் காரையும் புத்தகத்தையும் வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, நாலு நாளில் வருவோம் என்று போனார்கள். அந்தக் காணிகளில் சில இருபது முப்பது வருடத்துக்குப் பிறகே விடப்பட்டன. 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமமே நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்தபோது, கார் வைத்திருந்தவர்களும் சனத்துக்குள் அங்குலம் அங்குலமாகத்தான் நகர்ந்தார்கள். மண்ணெண்ணெய் தீர்ந்த இடத்தில் விட்டவர்கள் உண்டு. தென்மராட்சியில் யாரோ ஒருவரின் மாமரத்தின் கீழ் நிறுத்திவிட்டுக் கிளாலியால் வன்னிக்குப் போனவர்கள் உண்டு. இயக்கங்கள் கேட்டு வாங்கியவை, இராணுவங்கள் எடுத்தவை வேறு. 2009இல் புதுக்குடியிருப்பு முதல் முள்ளிவாய்க்கால் வரை வீதியோரமாகவும் கடற்கரையிலும் எரிந்தும் எரியாமலும் கிடந்த வாகனங்களைப் பிறகு திரும்பிப் போனவர்கள் பார்த்தார்கள். உழவு இயந்திரம், லொறி, மோட்டார் சைக்கிள், சைக்கிள். அவற்றில் பெரும்பகுதி பழைய இரும்பாக நிறுக்கப்பட்டுப் போனது.

அதனால் இங்கே பழைய வாகனம் ஒன்றை விற்க நினைப்பவருக்கு முதல் சிக்கல் புத்தகம். தொலைந்திருந்தால் பொலிஸ் முறைப்பாட்டோடு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்குப் பிரதிக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் புத்தகத்திலுள்ள எஞ்சின் இலக்கமும் வாகனத்திலுள்ள இலக்கமும் பொருந்தவேண்டும். தடைக் காலத்தில் இரண்டு காரைக் கழற்றி ஒன்று பூட்டியவர்களுக்கும், பின்னாளில் ஜப்பானிய டீசல் எஞ்சின் மாற்றியவர்களுக்கும் அங்கேதான் இடிக்கும். எந்தத் திருத்தம் காரை உயிரோடு வைத்ததோ அதுவே ஏலக்காரரின் கண்ணில் குறை. இந்த இடத்தில் எனக்கு ஏலக்காரரோடு உடன்பாடில்லை. ஆனால் திணைக்களத்துக்கு என் உடன்பாடு தேவையில்லை. எஞ்சின் மாற்றியிருந்தால் அதைப் புத்தகத்தில் பதிவிக்காமல் விற்கப் போகாதீர்கள்.

இன்னொரு பழக்கம் 'ஓப்பின் பேப்பர்'. விற்பவர் வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வைத்துக் கொடுப்பார். வாங்குபவர் தன் பெயருக்கு மாற்றாமல் அடுத்தவருக்கு விற்பார். நாலு கை மாறிய பிறகும் வாகனம் முதலாமவர் பெயரில்தான் இருக்கும். சட்டப்படி 14 நாட்களுக்குள் பெயர் மாற்ற விண்ணப்பிக்கவேண்டும். சாதாரண ஊரில் இது சோம்பேறித்தனம். எங்கள் ஊரில் அது வேறொன்றாகிவிட்டது. கையெழுத்து வைத்தவர் கனடாவில் இருக்கிறார், அல்லது இறந்துவிட்டார், அல்லது எங்கே என்று தெரியாது.

கடைசியாகச் சொன்னதுதான் மிகப் பாரமானது. காணாமல் ஆக்கப்பட்டவரின் பெயரில் ஒரு மோட்டார் சைக்கிளோ லான்ட்மாஸ்ரரோ இருந்தால் குடும்பம் அதை எப்படி விற்பது? மரணச் சான்றிதழ் எடுத்தால் வழி இலகு. பல குடும்பங்கள் அதை எடுக்க மறுக்கின்றன. அந்தக் கடதாசியில் கையெழுத்து வைப்பது தேடுவதை நிறுத்துவதாகும் என்பது அவர்கள் நிலைப்பாடு. 2016இல் மரணப் பதிவுச் சட்டத்துக்குக் கொண்டுவந்த திருத்தத்தின் கீழ், இறந்தார் என்று சொல்லாமல் காணாமற்போனார் என்று மட்டும் சொல்லும் ஒரு சான்றிதழைப் பெறலாம். அதைக் கொண்டு அவருடைய சொத்தைப் பராமரிக்க மாவட்ட நீதிமன்றத்தை நாடலாம். அப்படி நீதிமன்றம் ஏறி இறங்குவதற்கு ஆகும் செலவு பழைய மோட்டார் சைக்கிளின் விலையைவிடக் கூடிவிடும். எனவே அது கொட்டிலிலேயே நிற்கிறது. சந்தைக் கணக்கில் அதன் பெறுமதி பூச்சியம். அந்த வீட்டில் அதற்கு விலை கேட்க எந்த வியாபாரிக்கும் வாய் வராது.

இலக்கத் தகட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. பழைய காரின் வயதைத் தகட்டைப் பார்த்தே சொல்லலாம். ஈ.எல்., ஈ.என். என்று ஆங்கில எழுத்துகளோடு வந்தவை ஐம்பதுகளில் ஸ்ரீ எழுத்துக்கு முந்தியவை. 1957இலிருந்து சிங்கள ஸ்ரீ எழுத்து வந்தது. அதற்கு எதிராகத் தமிழரசுக் கட்சி தமிழ் ஸ்ரீ பொறிக்கும் போராட்டத்தை நடத்தியதும், 1958இல் அந்த எழுத்தோடு வடக்குக்கு அனுப்பப்பட்ட பேருந்துகளில் தார் பூசியதும், அதைத் தொடர்ந்து வந்த வன்செயலும் எங்கள் அரசியல் வரலாறு. பின்னாளில் ஸ்ரீ போய் வெறும் இடைக்கோடு வந்தது. ஒரு காரின் முகத்தில் ஒட்டிய தகட்டுக்கு இவ்வளவு கதை உள்ள ஊர் உலகத்தில் அதிகம் இருக்காது. மூலத் தகடு, மூல இலக்கம், தொடர்ச்சியான புத்தகம் மூன்றும் உள்ள ஒஸ்ரினுக்குக் கொழும்பில் கிடைக்கும் மரியாதை தனி. 2002இல் ஏ9 திறந்தபோதும், போர் முடிந்த பின்பும் தெற்கிலிருந்து பழைய கார் தேடி வந்து அடிமாட்டு விலைக்கு வாங்கிப் போன கதைகள் ஊருக்கு ஊர் உண்டு. அன்று விற்றவர்களைக் குறை சொல்ல முடியாது. கூரை இல்லாத வீட்டில் கார் எதற்கு?

இனி, ஆசை. இதைக் கணக்கில் எழுதுவது கடினம், ஆனால் விலையில் பெரும்பங்கு அதுதான். சிறு வயதில் எந்தக் காரைப் பார்த்து ஏங்கினோமோ, கையில் காசு சேரும் ஐம்பது வயதில் அதைத் தேடிப் போகிறோம். மேற்கில் 1930களின் கார்கள் பல விலை இறங்கிவருகின்றன. அவற்றைக் கண்டு ஏங்கிய தலைமுறை போய்விட்டது. 80களின், 90களின் கார்கள் ஏறுகின்றன. இங்கே அது ஒஸ்ரினோடு நிற்காது. ஹொண்டா சாளி என்ற சின்ன மோட்டார் சைக்கிளைப் பற்றி யாழ்ப்பாணத்துக்கு வெளியே யாரிடமும் பேசினால் விளங்காது. இங்கே அதைத் துடைத்துப் பூட்டி, புது மோட்டார் சைக்கிளுக்குக் கொடுக்கும் கவனத்தோடு ஓடுகிறார்கள். ரொறன்ரோவிலும் இலண்டனிலும் இருந்து வருபவர்கள் கலியாணத்துக்குப் பழைய காரைத்தான் கேட்கிறார்கள் என்றால், அவர்கள் தாத்தாவின் காரை வாடகைக்கு எடுக்கிறார்கள் என்றே நினைக்கிறேன். ஆனால் இந்த ஆசைக்கும் வயதுண்டு. மண்ணெண்ணெய்க் காரில் ஏறியவர்களின் பேரப்பிள்ளைகள் அதே விலை கொடுப்பார்களா என்பதை இன்னும் இருபது வருடத்தில் பார்க்கலாம்.

ஆசையை வைத்துச் சூதாடியவர்களுக்கு நடந்ததையும் சொல்லவேண்டும். ஜாகுவார் நிறுவனம் 1988இல் எக்ஸ்ஜே220 என்ற காரைக் காட்சிக்கு வைத்தபோது பன்னிரண்டு சிலிண்டர் எஞ்சின் என்றார்கள். ஓடித்திரிய அல்ல, விற்று இலாபம் எடுக்கவே பலர் முற்பணம் கட்டினார்கள். 1992இல் கார் வந்தபோது ஆறு சிலிண்டர்தான் இருந்தது. அதற்குள் பொருளாதாரமும் சரிந்திருந்தது. வாங்க மாட்டோம் என்று வழக்காடும் அளவுக்குப் போனது. 350 செய்ய நினைத்தவர்கள் 300க்கும் குறைவாகவே செய்து முடித்தார்கள். நாலரை இலட்சம் பவுணுக்கு மேல் விலை குறித்த கார் பல ஆண்டுகள் அதன் பாதிக்கும் கீழே கிடந்தது. எண்ணிக்கை குறைவு என்ற ஒன்று மட்டும் விலையைத் தாங்காது என்பதற்கு இதைவிட உதாரணம் தேவையில்லை.

இலங்கையில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபோது எல்லோருடைய காரும் கொஞ்சக் காலம் பெராரி ஆனது. ரூபாவும் வீழ்ந்தது. டொலர் 200 ரூபாவிலிருந்து 2022இல் 360 வரை போனது. நாலு வருடம் ஓடிய காரை வாங்கிய விலைக்கு மேல் விற்றவர்கள் எங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். அதைப் பார்த்துக் கார் என்பது முதலீடு என்று நம்பி, உச்ச விலையில் லீசிங் எடுத்தவர்களும் இருக்கிறார்கள். 2025 பெப்ரவரி முதல் தனியார் வாகன இறக்குமதி மறுபடி அனுமதிக்கப்பட்டது. காரின் பெறுமதியைவிடக் கூடிய வரி கட்டவேண்டியிருப்பதால் விலை திடீரென்று சரியவில்லை. ஆனால் இனி வராது என்ற நிச்சயம் போய்விட்டது. பூட்டிய கதவு தந்த விலை, கதவு திறந்தால் நிற்கும் என்பதற்கு யாரும் உத்தரவாதம் தரமுடியாது. வெளிநாட்டுக் காசில் கார் எடுக்க நினைப்பவர்கள், திருப்பி விற்றால் இலாபம் என்று சொல்லும் தரகரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: பழுதானால் இதை எங்கள் ஊரில் யார் திருத்துவார்? அவர் பெயர் சொல்லவேண்டும்.

2022இல் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவுக்குப் போய், கியூஆர் அட்டைக்கு வரிசையில் நின்றபோது, மண்ணெண்ணெயில் ஓடலாமா என்று பழைய கராஜ்காரர்களைத் தேடிப் போனவர்கள் இருந்தார்கள். அந்த ஓகஸ்ட்டில் மண்ணெண்ணெயும் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவானது. இன்றைய கணினி எஞ்சினுக்கு அது ஒத்தும் வராது. அந்த ஆண்டு குடாநாட்டில் விலை ஏறிய வாகனம் சைக்கிள்தான்.

எங்கள் ஒழுங்கையில் ஒரு ஏ40 நிற்கிறது. சில்லில்லாமல், நாலு கல்லின் மேல். 95இல் கைதடி வரை போய், 96இல் இன்னொருவரின் லொறியில் கட்டி இழுத்து வரப்பட்டது. புத்தகம் அந்த இடப்பெயர்வில் தொலைந்தது. சொந்தக்காரர் இறந்துவிட்டார். மகன்மார் இருவரும் வெளிநாட்டில். இந்தக் கட்டுரைக்காகப் போனபோது அவருடைய மனைவி, பிரதிக்கு விண்ணப்பிக்க இலக்கம் வேண்டுமாம், உன் கண் நல்லது, பார்த்துச் சொல் பிள்ளை என்றார். பொனற்றைத் தூக்கி, மண்ணெண்ணெய் தோய்த்த துணியால் தகட்டைத் துடைத்தேன். எழுத்துகள் தெரிந்தன, இலக்கமும் பாதிக்கு மேல் தெரிந்தது. கடைசி மூன்று இலக்கத்தையும் துரு தின்றிருந்தது. கடதாசியை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பார்த்தோம். ஒன்று எட்டாகவும் இருக்கலாம், மூன்றாகவும் இருக்கலாம். எட்டு என்கிறார் அவர்.